மடியிலுள்ள மடக்குக் கத்தி

பல்லடம் தாலூகாவின் குடியானவர் விடியற்காலையில் தோட்டத்திற்குப் புறப்படும்போது உடன் எடுத்துச் செல்லும் சாமான்கள் சிலவேயாம். தலைத்துண்டு, வெற்றிலைப் பை, இந்நாளில் கைத்தொலைபேசி, இவற்றோடு இடுப்பு வாரிலோ வேட்டி மடிப்பிலோ ஒரு மடக்குக் கத்தி. அரிவாளும் மண்வெட்டியும் தோட்டத்துச் சாளையில் தங்கியிருக்கும். கத்தியோ ஆளோடு போய் ஆளோடு திரும்பும். அது எதற்கென்று கேட்டால் பலருக்கு உடனே விடை சொல்ல வராது. ஒரு நாள் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனால் மாத்திரம் அதன் உபயோகம் பத்து முறை நினைவுக்கு வரும்.

திருப்பூர் பெருநகராய் வளருமுன் பல்லடம் தாலூகாவிற்குள் அடங்கிய ஊராகவே இருந்தது. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் ஜில்லா ஏற்பட்டபின் பல்லடம் அதன் தாலூகாக்களில் ஒன்றாயிற்று. ஊர்களின் வரிசை மாறினாலும் நிலத்தின் தன்மை மாறவில்லை. மழை குறைவு, கிணறு ஆழம், செம்மண்ணும் கரிசலும் கலந்த காடு. கவலையேற்றம் நடந்த காலத்தில் மடக்குக் கத்தியின் முதல் வேலை கயிற்றோடும் தோலோடும் இருந்தது. சாலின் தோல் தும்பி கிழிந்தால் ஒட்டுத் தோல் அறுக்கவும், வடக்கயிறு தேய்ந்தால் பிரி பிரித்து முடியவும், நுகத்துக்கு வார் திருத்தவும் கத்தி வேண்டும். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு வந்தது முதல் கவலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓய்ந்தன. கத்தி ஓயவில்லை. இன்று அதே கத்தி சொட்டுநீர்க் குழாயை நேராக அறுக்கிறது. உரமூட்டையின் தையலைப் பிரிக்கிறது. கோழிப் பண்ணையில் தீவனச் சாக்கை அவிழ்க்கிறது. இளநீர்க் கண்ணைத் திறக்கிறது. கொறங்காட்டில் மேயும் ஆட்டின் வளர்ந்த குளம்பைச் சீவுகிறது. வாழைக்கன்றின் வேரைத் திருத்துவதும், கரும்புக் கரணையைப் பிளந்து உட்பகுதி சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும், புளி, மா, சப்போட்டாக் கன்றுகளில் ஒட்டுக் கட்டுவதும் கத்தியைக் கொண்டே. செவ்வழுகல் கண்ட கரணையை விதைக்கு ஒதுக்காமல் விட்டதனால் நேர்ந்த நஷ்டத்தை அறிந்தவர்கள், நடவு நாளில் கத்தி இல்லாமல் வயலுக்குப் போவதில்லை.

இக்கருவியைப் புதுநாகரிகச் சாமான் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. மடிக்கத்தக்க அலகுடைய கத்தி, ஆஸ்திரியா தேசத்தில் ஹால்ஸ்டாட் என்னுமிடத்துப் புதைகுழிகளில் கிடைத்திருக்கிறது. அதன் காலம் கிறிஸ்துவுக்கு முன் சுமார் 600 முதல் 500 வரையெனக் கணிக்கப்படுகிறது. ரோமரும் அத்தகைய கத்தி வைத்திருந்தனர். தமிழ் நாட்டில் மடக்கு என்னும் உபாயத்தை நன்கு அறிந்தவர் கிராமத்துக் கணக்கரே. பனையோலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி பலவகைப்பட்டது. குண்டெழுத்தாணி தலைப்பில் கனமான குண்டுடையது. வாரெழுத்தாணி ஒரு புறம் எழுதும் முள்ளும் மறுபுறம் ஓலை வாரும் கத்தியும் கொண்டது. மடக்கெழுத்தாணியோ இவற்றைப் பிடிக்குள் மடக்கி மடியில் செருகிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. மரப்பிடி, பித்தளைப் பிடி, வசதியுள்ளோருக்குத் தந்தப் பிடி. ஓலையின் ஓரத்தை வாருவதற்கு ஒரு சிறு அலகு, எழுதுவதற்கு ஒரு கூர்முனை, இரண்டும் ஒரே கூட்டில். வயல் வரப்பில் நின்று அளவு குறித்த கர்ணத்துக்கு இதைவிடத் தகுந்த கருவி வேறில்லை. பென்சிலும் காகிதமும் வந்தபின் முள் வேண்டாததாயிற்று. பென்சில் சீவ அலகு மட்டும் தங்கியது. மேனாட்டிலும் கதை இதுவே. இறகுப் பேனாவின் முனையைச் சீவவே சிறு மடக்குக் கத்தி பிறந்தது. பேனாக்கத்தி என்று நாம் சொல்வதும் அதனால்தான். 1980-ஆம் ஆண்டில் தமிழகத்தில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் நீக்கப்பட்டன. அதன்பின் பழைய கர்ணம் வீடுகளின் பெட்டிகளில் சுவடிகளோடு மடக்கெழுத்தாணியும் ஒதுங்கிக் கிடக்கின்றது. இன்றைய கிராம நிர்வாக அலுவலர்களில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பர் என்பது சந்தேகமே.

கத்தியின் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். பிடியின் இருபுறமும் இரு தகடுகள். அவற்றிடையே ஓர் ஆணியின்மீது சுழலும் அலகு. முதுகுப்புறத்தில் ஒரு வில். அலகின் அடிப்பாகம் சதுரமாகத் தேய்க்கப்பட்டிருப்பதனால், திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் வில் அதை அழுத்திப் பிடிக்கும். இது பூட்டன்று, அழுத்தமே. ஆகையால் முனையால் குத்தித் துளைக்கும் வேலையில் அலகு திரும்பி விரலின்மீது மடங்கக்கூடும். கத்தியால் ஏற்படும் காயங்களில் பல இப்படி நேர்பவையே. பிரான்சு தேசத்துச் சவாய் மலைநாட்டில் 1890-ஆம் ஆண்டு ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்த மரப்பிடிக் கத்தி உழவர்களிடையே வெகுவாகப் பரவியது. 1955-ஆம் ஆண்டில் அதற்குச் சுழலும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டு, திறந்த அலகு மடங்காதபடி தடுக்கப்பட்டது. ஜப்பானில் மிக்கி என்னும் கொல்லர் ஊரில் 1890-களில் தோன்றிய ஹிகோனோகாமி என்னும் கத்திக்கு வில்லுமில்லை, வளையமுமில்லை. மடித்த ஒற்றைத் தகடே பிடி. அலகின் பின்னால் நீண்ட ஒரு வாலைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். விலை மலிவு, பழுதுபடுவதற்கும் அதிகமாக ஒன்றுமில்லை. தோட்டத்து வேலைக்கு இம்மூன்றில் எது உயர்ந்ததென்றால், பூட்டு வளையமுள்ளதையே சொல்லவேண்டும். ஆயினும் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் வில் வைத்ததே.

இரும்பின் சிறப்பை இப்பிரதேசத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நொய்யல் நதிக்கரையிலுள்ள கொடுமணலில் நடத்திய அகழாய்வுகளில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டன. இன்றைய கொல்லுப்பட்டறையில் மூலப்பொருள் பெரும்பாலும் பழைய லாரியின் வில்பட்டையும் தேய்ந்த அரமும். இவை கரிச்சத்து மிகுந்த நல்ல எஃகு. அலகைக் காய்ச்சி அடித்து உருவாக்கிய பின், செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால் கடினப்படும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடேறிற்றா என்று பார்ப்பது பழகிய கொல்லர் அறிந்த சோதனை. அது சுமார் 770 டிகிரி சென்டிகிரேடைக் காட்டும். எஃகுக்கு அதற்குச் சற்று மேலான சூட்டில்தான் பதம் பிடிக்கும். பின்பு மறுபடியும் இளஞ்சூடு காட்ட, தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகத்தின்மேல் நிறங்கள் ஓடத்தொடங்கும். வைக்கோல் நிறம் தோன்றுவது சுமார் 220 முதல் 240 டிகிரியில். அலகுக்கு இதுவே பதம். நீலம் சுமார் 300 டிகிரியில். வில்லுக்கு அதுவே பதம். ஒரே கத்தியில் இரு உறுப்புகளுக்கு இரு பதம் வேண்டியிருப்பதே கொல்லரின் திறமைக்குச் சோதனை.

இதிலிருந்து குடியானவர்கள் அறியவேண்டிய ஒரு விஷயம் உண்டு. தெருவில் வரும் சாணைக்காரர் உலர்ந்த சக்கரத்தில் அவசரமாக அழுத்திப் பிடித்தால் அலகின் ஓரம் நீலமாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஓரத்தின் பதம் போய்விட்டது. இனி எத்தனை முறை தீட்டினாலும் ஒரு நாள்கூடக் கூர் நிற்காது. ஆதலால் தண்ணீர் விட்ட கல்லில் கையினாலேயே தீட்டுவது உத்தமம். ஒவ்வொரு புறமும் சுமார் 15 முதல் 20 டிகிரி சாய்வு போதும். கல்லின் முரட்டுப் பக்கத்தில் தொடங்கி வழுவழுப்பான பக்கத்தில் முடித்து, இடுப்பு வாரின் தோற்பக்கத்தில் நாலைந்து முறை இழுத்தால் பிசிர் நீங்கும். ஒட்டுக் கட்டும் கத்திக்கு மட்டும் ஒரே புறத்தில் சாய்வு. மறுபுறம் தட்டையாகவே இருக்கவேண்டும். அப்பொழுதுதான் வெட்டு நேராக விழுந்து, குச்சியும் தாய்ச்செடியும் இடைவெளியின்றிப் பொருந்தும். இருபுறமும் சாய்வாக்கிவிட்ட கத்தியால் ஒட்டுக் கட்டி, பிழைத்த கன்றுகள் குறைந்ததற்கு நாற்றைக் குறை கூறுவோர் உண்டு.

சாதாரண எஃகு துருப்பிடிக்கும். பாக்கு, பச்சை மா, வாழைச்சாறு பட்டால் கறுக்கும். இந்தக் கறுப்பு துருவன்று. அது ஒருவகைக் கவசம். தேய்த்துப் போக்க வேண்டியதில்லை. செந்துரு மாத்திரம் தோன்றிய உடனே நீக்கத்தக்கது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அத்தகைய அலகு கோழிப் பண்ணையின் ஈரக் கழிவுக்கும் உரத்திற்கும் தாங்கும்; ஆனால் மலிவான சரக்காயின் கூர் பிடிப்பது அரிது. வீட்டில் விளக்கெண்ணெயைத் தடவுவது வழக்கம். நாளடைவில் அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். திருப்பூர்ப் பக்கத்தில் தையல் இயந்திர எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆணியில் அதன் இரு துளி போதும்.

இனிக் கத்தியால் விளையும் கேட்டைச் சொல்லவேண்டும். இது அதன் கூர்மையால் விளைவதன்று. அதன்மேல் ஒட்டிய சாற்றால் விளைவது.

கோயம்புத்தூர் வட்டாரத்தில் வாய்ப்புகையிலை நெடுங்காலமாகச் சாகுபடியாகி வந்திருக்கிறது. தக்காளியும் மிளகாயும் பல்லடம், பொங்கலூர்ப் பக்கங்களில் இன்றும் முக்கிய பயிர்கள். புகையிலை, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் நோய் மூன்றையும் தாக்கும். 1886-ஆம் ஆண்டில் அடோல்ப் மேயர் என்பவர், நோயுற்ற இலையின் சாறு நல்ல செடிக்கும் நோயைத் தரும் எனக் காட்டினார். 1898-ல் பெயெரிங்க் அதற்குக் காரணம் நுண்ணுயிரினும் வேறான ஒன்றெனக் கூறினார். 1935-ல் ஸ்டான்லி அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். பூச்சி இல்லாமலே, கையாலும் துணியாலும் கத்தியாலும் பரவுவது இந்நோயின் தனி இயல்பு. உலர்ந்த புகையிலையிலும் அது நெடுநாள் அழியாமலிருக்கும்.

இப்பொழுது தோட்டத்தில் நடப்பதைப் பார்க்கவேண்டும். ஒருவர் வாயில் புகையிலை அடக்கிக்கொள்கிறார்; அதே கையினால் மடிக்கத்தியை எடுத்துத் தக்காளிச் செடியின் பக்கக் கிளைகளை நறுக்கிக்கொண்டே வரிசை வரிசையாய்ப் போகிறார். முதல் வரிசையில் ஒரு செடி நோயுற்றிருந்தால் போதும். பத்தாவது நாள் தொடங்கி, அவர் நடந்த வழியிலேயே இலை சுருங்கிப் பச்சையும் மஞ்சளுமாய்ப் புள்ளியிடும். தேமலின் வரிசை ஆளின் நடையைக் காட்டும். மருந்துக் கடைக்குச் சென்று பூச்சி மருந்து வாங்கித் தெளிப்பதனால் பயனில்லை. பணமும் போயிற்று, பயிரும் போயிற்று. கத்தி மாத்திரம் மடியில் திரும்பிற்று.

இதற்குச் செய்யத்தக்கது எளிது. நோயுற்ற செடியை முதலில் வெட்டக் கூடாது. நோயில்லாத வரிசையை முடித்தபின் அதனிடம் வரவேண்டும். புகையிலை போட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே செடியைத் தொடவேண்டும். அலகை 15 நிமிஷம் கொதிக்கும் நீரில் வைத்தால் நச்சு அழியும். கொதிக்கவைக்க வசதியில்லாத இடத்தில், கொழுப்பு நீக்கிய பால்தூளை ஐந்தில் ஒரு பங்கு வீதம் நீரில் கலந்து, ஒவ்வொரு செடிக்குப் பின்னும் கத்தியைத் தோய்ப்பதும் பலன் தரும். சாராயத்தால் துடைப்பது போதாதென்று கண்டறியப்பட்டிருக்கிறது. மற்ற பல கிருமிகளுக்குச் சாராயம் உதவுமாயினும், இதற்கு அது நம்பத்தக்கதன்று. இரண்டு கத்தி வைத்துக்கொண்டு, ஒன்று பாலில் கிடக்க மற்றொன்றால் வெட்டுவது சாமர்த்தியமான வழி.

கரும்பிலும் இத்தகைய ஒரு நோய் உண்டு. 1944–45 பருவத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கண்டறியப்பட்ட மறுதாம்புக் குட்டைநோய் என்பது கரணை வெட்டும் கத்தியின் வழியே ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கும் போகும். வெளியே குறி எதுவும் தெரிவதில்லை. மறுதாம்பில் கரும்பு மெலிந்து, எடை குறைவது மாத்திரம் தெரியும். இரண்டு மணி நேரம் 50 டிகிரி வெந்நீரில் கரணைகளை வைப்பது அதற்குப் பழகிய பரிகாரம். ஆயினும் சுத்தமாக்கிய கரணையைச் சுத்தமில்லாத கத்தியால் வெட்டினால் வெந்நீருக்குச் செலவிட்ட விறகு வீண்.

மாட்டுத் தொழுவத்திலும் அப்படியே. கன்று ஈன்றவுடன் தொப்புள் கொடியை அறுப்பதற்குப் பலர் மடியிலுள்ள கத்தியையே எடுப்பர். காலையில் சாணக்குழியருகே வாழைத்தண்டு வெட்டிய கத்தி அது. வயிற்றிலிருந்து 2 அங்குல தூரத்தில் சுத்தமான நூலால் இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு, கொதித்த நீரில் வைத்தெடுத்த அலகால் அறுத்து, டிங்சர் அயோடின் தடவவேண்டும். காங்கயம் கன்றானாலும் கலப்பினக் கன்றானாலும் தொப்புள் வீங்கிச் சாவதும் நரம்பிசிவு கண்டு சாவதும் பெரும்பாலும் இந்த ஒரு நிமிஷ அசட்டையினால்தான். ஆளுக்கும் அதே எச்சரிக்கை. சாணம் பட்ட கத்தி விரலைக் கீறினால் மஞ்சள் பூசுவதோடு நிற்காமல், தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.

சட்டத்தைப் பற்றிக் கிராம அதிகாரிகளிடம் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், வீட்டுக்கோ விவசாயத்துக்கோ மாத்திரம் செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்னும் சொல்லிலிருந்து நீக்கியிருக்கிறது. அச்சட்டத்தின் கீழுள்ள விதிகளில், 9 அங்குலத்தைவிட நீளமோ 2 அங்குலத்தைவிட அகலமோ உள்ள அலகே ஆயுத வகையில் சேரும். அதிலும் வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்கென்று அமைந்தவை விலக்கு. மூன்று அங்குல அலகுடைய மடக்குக் கத்தி இவ்வெல்லைக்கு வெகு தூரம். ஆனால் பொத்தானை அழுத்தியவுடன் பாய்ந்து திறக்கும் கத்தி வேறு சங்கதி. தில்லி நிர்வாகம் 1980-ல் 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அத்தகைய கத்திகளை அறிவிக்கையால் கட்டுப்படுத்திற்று. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் கத்தி இவ்வகையில் புகழ்பெற்றது; 2023-ஆம் ஆண்டில் அவ்வூரார் சுமார் 20 அடி நீளமுள்ள கத்திச் சிலையொன்றை நாற்சந்தியில் நிறுத்தினர். உழவருக்கு அந்த வேகம் எதற்கும் வேண்டியதில்லை. இரு கையாலும் நிதானமாகத் திறக்கும் கத்தியே விரலுக்கும் பெயருக்கும் நல்லது. விழாக்கூட்டத்துக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போவது மரியாதை. விமானத்தில் பயணியின் கைப்பையில் அனுமதியில்லை.

பழைய கத்திகளைச் சேர்த்துவைக்கும் வழக்கமும் மெல்லப் பரவிவருகிறது. பாட்டனார் வைத்திருந்த ஒன்று, மாட்டுச் சந்தையில் கயிறும் சலங்கையும் விற்கும் கடையில் கிடைத்த ஒன்று, பட்டறை மூடிய கொல்லர் விட்டுச்சென்ற ஒன்று என்று பெட்டியில் சேரும். அவற்றில் ஷெபீல்டு முத்திரை கண்டவுடன் அதிக விலை கொடுத்துவிடல் தகாது. ஜோசப் ராட்ஜர்ஸ் என்னும் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் அந்நாளில் இந்தியாவில் வெகு பிரசித்தம். ஆகவே போலிகளும் வெகு பிரசித்தம். முத்திரையைப் பார்ப்பதைவிட நடையைப் பார்ப்பது மேல். திறக்கும்போதும் மூடும்போதும் அழுத்தமான ஓசை வரவேண்டும். திறந்த அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. மூடினால் முனை தகட்டுக்கு வெளியே தலைநீட்டக் கூடாது. மெல்லிய ஓரத்தை ஒரு பித்தளைக் கம்பியின்மேல் இலேசாக அழுத்திப் பார்த்தால், நல்ல பதமுள்ளது வளைந்து திரும்பும். பதம் குறைந்தது வளைந்தபடி நிற்கும். மிகக் கடினமானது உதிரும். பழையதென்பதற்காக மணற்காகிதத்தால் தேய்த்துப் பளிச்சென்றாக்குவோர் அதன் முத்திரையையும் கறுப்பையும் சேர்த்து அழித்துவிடுகின்றனர்.

தந்தப்பிடி வைத்த மடக்கெழுத்தாணியோ கத்தியோ வீட்டிலிருப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் செய்த திருத்தங்களின்படி யானைத் தந்த வியாபாரம் தடுக்கப்பட்டுள்ளது. பழம்பொருள் என்று சொல்லி விலை பேசி வருவோரிடம் அதைக் கொடுப்பதும், வாங்குவதும் குற்றமாகும். மூதாதையர் சொத்தாக வைத்திருப்போர், அதன் நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வனத்துறை அலுவலரை அணுகுவது உசிதம். மான்கொம்புப் பிடியும் இவ்விஷயத்தில் எச்சரிக்கைக்குரியதே. வேம்பு, புளி, கருவேலம் இவற்றின் வைரத்தில் கடைந்த பிடிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பல்லடம் பக்கத்தில் அவற்றின் துண்டுகள் மரக்கடைகளிலும் பழைய வண்டிப் பட்டறைகளிலும் இன்னும் கிடைக்கின்றன.